நம் சபையில் யார் வரவில்லை என்பது யாருக்குத் தெரியும்?

தாமிரபரணிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களே, ஒரு விஷயம் மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. ஊர்ப் பெயர் வேண்டாம். சுமார் 300 குடும்பம். நான் கமிட்டியில் கணக்கு பார்க்கிறேன். ஆகஸ்ட் மாதம் சங்கக் காணிக்கை (மாதச் சந்தா)ப் புத்தகத்தை எடுத்து வைத்து யார் யார் பாக்கி என்று குறித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெயருக்கு நேராக ஏப்ரல் கடைசியிலிருந்து கட்டம் காலி. மாதம் 50 ரூபாய்தான். அந்தப் பெயருக்கு உரிய முகம் நினைவுக்கு வரவே கொஞ்ச நேரம் பிடித்தது. பின்பக்கம், மணிக்கயிறு தொங்கும் தூணை ஒட்டிப் பாயில் உட்காரும் ஓர் அம்மா. எழுபது தாண்டியவர். பீடி சுற்றிப் பிழைத்தவர். தனிக்கட்டை.

மணி அடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்குட்டியாரிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை அவர். "ஈஸ்டர் கழிஞ்சு ரெண்டு வாரம் வந்துச்சு, அப்புறம் வரல சார்." ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "நீங்க விசாரிக்கலையே."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, முட்டிவலி. நூற்றாண்டு நினைவாகக் கோயிலை இடித்துக் கட்டினோம் அல்லவா, பழைய கோயிலுக்கு 2 படி, புதியதற்கு 9 படி. வழவழப்பான கல். மழை பெய்தால் நானே கைப்பிடியைத் தேடுவேன், கைப்பிடியும் கிடையாது. படிக்கு நன்கொடை கொடுத்தவர் பெயரை மட்டும் பக்கத்திலேயே வெட்டி வைத்திருக்கிறோம்.

ஏற முடியாமல் ஒரு ஞாயிறு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் பிரசங்கம் கேட்டிருக்கிறார். ஆராதனை முடிந்து வந்த ஒரு குடும்பம் பிள்ளையின் கையில் 10 ரூபாய் கொடுத்தனுப்பியிருக்கிறது. பிச்சைக்காரி என்று நினைத்துவிட்டார்கள். நாற்பது வருஷமாக அதே கோயிலில் இருப்பவர். அதற்கப்புறம் அவர் வரவில்லை.

"அந்தப் பத்து ரூபாயை என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. "என்ன செய்ய, கறிவேப்பிலை வாங்குனேன்" என்றார்.

நான்கு மாதம் ஒருவரைக் காணோம். கண்டுபிடித்தது ஐயர் (எங்கள் போதகர்) இல்லை, பெண்கள் ஐக்கிய சங்கம் இல்லை, நான் இல்லை. 50 ரூபாய்ப் பாக்கி கண்டுபிடித்தது. யாரும் விசாரிக்காமல் இருந்ததற்குக் கெட்ட எண்ணம் காரணமில்லை, எல்லோரும் நல்லவர்கள்தான். அப்படியானால் கோளாறு எங்கே? உங்கள் சபைகளில் இதற்கு ஏதாவது ஏற்பாடு இருக்கிறதா?

---

உபதேசியார்_தாத்தா

தம்பி, 'விசாரிக்கலையே' என்று உங்கள் கோயில்குட்டியார் சொன்னாரே, அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் போதும்.

இப்போது விசாரணை என்றால் போலீஸ் ஸ்டேஷன்தான் நினைவுக்கு வருகிறது. நம் பழைய வேதாகமத்தில் அந்தச் சொல்லுக்கு வாசனையே வேறு. மத்தேயு 25-இல் "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்று இருக்கிறது. குணமாக்கினீர்கள் என்று இல்லை, விசாரிக்க வந்தீர்கள். அவ்வளவுதான்.

அப்போஸ்தலர் 6-ஐ எடுத்துப் பாருங்கள். சீஷர்கள் பெருகினபோது, 'அன்றாட விசாரணையில்' கிரேக்கரானவர்களின் (கிரேக்க மொழி பேசிய யூதர்களின்) விதவைகள் விட்டுப்போனார்கள் என்று அவர்கள் முறுமுறுத்தார்கள். பெருகினபோது என்பதைக் கவனியுங்கள். சபை சுருங்கும்போது வந்த சிக்கல் இல்லை இது. பந்தி தினமும் நடக்கிறது, சாப்பாடும் இருக்கிறது, ஆனாலும் சிலருக்கு இலை விழவில்லை. அதற்கு அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? அன்பைப் பற்றி ஒரு பிரசங்கம் வைக்கவில்லை. ஏழு பேரை நியமித்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். யூதரும் கிரேக்கப் பெயர் வைத்துக்கொள்வதுண்டு என்பது சரிதான். இருந்தாலும் ஏழும் அப்படி அமைந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. முறுமுறுத்த பக்கத்தார் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள்.

நான் கிராமச் சபையில் உபதேசியாராக (ஐயருக்குக் கீழே ஊரில் ஜெபம் நடத்துபவராக) இருந்த காலத்தில் சாயங்கால ஜெபத்துக்கு மணி அடித்துவிட்டு வாசலில் நிற்பேன். நாற்பது வீடு. யார் வரவில்லை என்று விரல் விட்டு எண்ணலாம். ஜெபம் முடிந்ததும் லாந்தரை எடுத்துக்கொண்டு வராதவர் வீட்டு வழியாகத்தான் வீடு திரும்புவேன். பெரிய ஊழியம் என்று எண்ணிச் செய்யவில்லை, வழி அப்படி. உங்கள் 300 குடும்பத்துக்கு அந்த வழி இல்லை. ஆகையால் ஆள் வேண்டும்.

---

கேள்விக்குறி

ஐயா சொல்வது அருமை. ஆனால் 'எல்லோரும் நல்லவர்கள்தான்' என்று இழையைத் தொடங்கியவர் எழுதியதில் எனக்குச் சண்டை இருக்கிறது.

டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸுக்கு (ராத்திரி வீடு வீடாகக் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிப் போவதற்கு) வீட்டுப் பட்டியல் போடுவது யார்? எங்கள் ஊரில் வாலிபர் சங்கம். முதலில் எந்தத் தெரு? காணிக்கைக் கவர் கனமாக வரும் தெரு, கேக்கும் டீயும் கிடைக்கும் தெரு, வேன் உள்ளே போகும் தெரு. கடைசித் தெருவுக்கு வரும்போது அதிகாலை 3 மணி. தொண்டை கட்டிப்போயிருக்கும், கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டவன் வேனில் தூங்கிக்கொண்டிருப்பான். ஒரு பாட்டு, அதிலும் ஒரே சரணம், "ஹேப்பி கிறிஸ்மஸ்", கிளம்பியாச்சு. அந்த வீட்டுக்காரர்கள் வாசலில் கோலம் போட்டு, ஸ்டார் கட்டி, 11 மணியிலிருந்து தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குத் தெரியும், எங்கள் வீடு கடைசித் தெரு.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடுவதையும் பாருங்கள். ஒரு வாழைத்தாரை ஆயிரக்கணக்கில் எடுப்பவர் பெயர் மைக்கில் மூன்று முறை வரும். தலைச்சுமையாக அந்தத் தாரைக் கொண்டுவந்து வைத்தவர் பெயர் வராது. பொன்மோதிரக்காரனுக்கு ஒரு இடம், கந்தைக்காரனுக்கு ஒரு இடம் என்று யாக்கோபு 2-இல் எழுதியிருப்பதை வாசித்துவிட்டுத்தான் ஏலத்துக்கு வருகிறோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கோபப்படாதீர்கள். கவனிக்காமல் விடுவது வேறு, கண்டும் ஒதுக்குவது வேறு. தமிழ்ச் சபைகளில் சாதி பார்த்துத் தனி இருக்கை, தனிக் கல்லறை என்று இருந்தது கவனக்குறைவால் வந்ததில்லை. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று கடிதம் அனுப்பியபோது தஞ்சாவூர்ப் பக்கம் எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்று வரலாற்றைப் புரட்டினால் தெரியும். அந்த எதிர்ப்பின் பேரப்பிள்ளைகள் இன்னும் சில கமிட்டிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். பின்பக்கம் பாயில் உட்காருவது எந்தத் தெருக்காரர்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள், அப்புறம் ஏற்பாட்டைப் பற்றிப் பேசலாம்.

---

தாமிரபரணிக்கரை

கேள்விக்குறி, எண்ணிப் பார்த்தேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்லமுடியும்.

---

முத்துநகர்_மேரி

நான் கத்தோலிக்கப் பங்கைச் (ஊர்ச் சபையைச்) சேர்ந்தவள். நீங்கள் சொன்ன அதே 1833-இல்தான் பாரிசில் பிரெடரிக் ஓசானாம் என்ற மாணவர் சில நண்பர்களோடு வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 20. ஏழைகளுக்கு எப்படி உதவுவது என்றே அந்தப் பையன்களுக்குத் தெரியாது. ரோசலி ரெண்டு என்ற கன்னியாஸ்திரீதான் அவர்களை வீடு வீடாக அனுப்பிப் பழக்கினார்.

எங்கள் பங்கில் உள்ள கிளையில் நான் பத்து வருஷமாக இருக்கிறேன். இரண்டிரண்டு பேராகப் போவோம். ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போவோம். போனால் உட்காரவேண்டும், அதுதான் முக்கியம். நின்றபடியே அரிசிப் பையை நீட்டிவிட்டு வருவதற்கு நாம் எதற்கு, கூரியர்காரர் போதும். கூட்டத்தில் காணிக்கை எடுக்க ஒரு ரகசியப் பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது, போடாதவரும் வெறுங்கையை உள்ளே விட்டு வெளியே எடுத்துவிடலாம்.

இவ்வளவு சொல்கிறேனே, என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். இதில் சேருமுன் எங்கள் இளைஞர் குழுவில் ஒரு கிறிஸ்மஸுக்கு 25 பேருக்குச் சேலை கொடுத்தோம். வரிசையாக நிறுத்திப் போட்டோ. ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே வாங்கினார். "அக்கா, கொஞ்சம் இங்க பாருங்க" என்று சொன்னது நான்தான். அவர் என்னோடு ஆறாம் வகுப்பில் படித்தவள் என்று போட்டோவை வாட்ஸ்அப்பில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அன்பியம் (பக்கத்து வீடுகள் சேர்ந்த சின்ன ஜெபக் குழு) கூடும் ஊர்களில் 25, 30 வீட்டுக்குள் யார் வரவில்லை என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் கூட்டத்தைத் தன் வீட்டில் வைத்து எல்லோருக்கும் டீ கொடுக்க வசதி இல்லாதவர் மெல்ல நழுவிவிடுகிறார். அதனால் எங்கள் அன்பியத்தில் டீயை நிறுத்திவிட்டோம். தண்ணீர் மட்டும். முணுமுணுப்பு இருந்தது.

---

விதைப்பவன்77

சகோதர சகோதரிகளே, எல்லாம் நல்ல விஷயங்கள். ஆனால் சபையின் முதல் வேலை சுவிசேஷம். வயதானவர்களை விசாரிப்பது, சாய்தளம் கட்டுவது எல்லாம் சமூக சேவை அமைப்புகளும் செய்கின்றன. அதிலேயே இறங்கிவிட்டால் ஆத்தும பாரம் (பிறர் ஆத்துமாவைப் பற்றிய கவலை) குறைந்துபோகும் என்பது என் தாழ்மையான கருத்து.

---

உபதேசியார்_தாத்தா

விதைப்பவன் தம்பி, நீங்கள் டோனாவூர் போயிருக்கிறீர்களா? அங்கே வாழ்ந்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் நம் பக்கத்தில் மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தவர்தான். உங்கள் கட்சி. 1901-இல் இந்துக் கோயிலுக்குத் தேவதாசியாக விடப்பட இருந்த ஒரு சின்னப் பெண் தப்பி அவரிடம் வந்துசேர்ந்தாள். பின்னாலேயே வேறு பிள்ளைகள். பிள்ளைக்குப் பால் காய்ச்சிக்கொண்டு ஊர் சுற்ற முடியுமா? சுற்றுவதைக் குறைத்துக்கொண்டார். ஊழியத்தை விட்டுவிட்டு ஆயா வேலை பார்க்கிறார் என்று அன்றைக்கும் உங்களைப்போலச் சொன்னவர்கள் உண்டு. 1951-இல் அங்கேயே இறந்தார். கல்லறையில் பெரிய கல் கிடையாது, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி இருக்கிறது. அதில் 'அம்மை' என்று மட்டும்.

எது சுவிசேஷம், எது ஆயா வேலை என்று பிரிக்கும் கத்தி என்னிடம் இல்லை தம்பி.

---

சக்கரநாற்காலி

இந்த இழையைப் படித்ததும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. 'சாய்தளம் எல்லாம்' என்று ஒருவர் எழுதிவிட்டார். சரி.

எனக்குப் போலியோ. வயது 46. என்னை யாரும் கவனிக்காமல் விடுவதில்லை, அதுதான் பிரச்சினையே. புதிய சபைக்குப் போனால் ஐந்து நிமிஷத்துக்குள் யாராவது தலையில் கை வைத்துவிடுவார்கள். பெயர் கேட்கமாட்டார்கள். "விசுவாசித்தால் நடப்பீர்கள்" என்பார்கள். நான் வங்கியில் வேலை பார்க்கிறேன், எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், அந்த வாரம் நான் ஜெபிக்க வந்தது என் மகளின் பரீட்சைக்காக. கேட்டால் சொல்லியிருப்பேன்.

பர்திமேயு குருடன் என்பது எரிகோ ஊருக்கே தெரியும். இயேசு அவனைப் பார்த்ததும் கண்ணைத் தொடவில்லை, "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்" என்று முதலில் கேட்டார் (மாற்கு 10). பதில் வெட்டவெளிச்சமாக இருந்தும் கேட்டார். எனக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும்.

இப்போது காரியத்துக்கு வருவோம். தாமிரபரணிக்கரை, உங்கள் 9 படி ஒவ்வொன்றும் 6 அங்குலம் என்று வைத்தால் மொத்த உயரம் 54 அங்குலம். சாய்தளம் 1-க்கு 12 சரிவில் இருக்கவேண்டும். அதாவது 54 அடி நீளம், நடுவில் திரும்புவதற்குச் சமதளம் தனி. இதைச் சொன்னால் கமிட்டியில் "இடமில்லை" என்பார்கள். கார் நிறுத்துமிடத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை இரண்டு பக்கமும் கைப்பிடி போடுங்கள், ஒரு வாரத்து வேலை. தயவுசெய்து "நாலு பையன்கள் தூக்கிவிடுவார்கள்" என்று தீர்மானம் போட்டுவிடாதீர்கள். 9 படி தூக்கிச் செல்லப்பட்டவன் சொல்கிறேன், அந்த ஆராதனையில் மனசு எங்கும் ஒட்டாது, எப்படி இறங்குவோம் என்றே இருக்கும்.

---

பின்னல்ஊர்

திருப்பூர். எங்கள் சபைக்குப் பக்கத்தில் பனியன் கம்பெனி ஹாஸ்டல். வடக்கிலிருந்து வந்த பெண்பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலைந்து பேர் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள். வேடிக்கை பார்க்கிறார்கள் என்றே இரண்டு வருஷம் நினைத்தோம். வாட்ச்மேன் விரட்டியும் இருக்கிறார்.

ஒருநாள் பாடகர் குழு ஒரு பழைய ஞானப்பாட்டைப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது வெளியே நின்ற பெண் அதே ராகத்தை வேறு மொழியில் பாடினாள். கூப்பிட்டு அரைகுறை இந்தியில் கேட்டால், ராஞ்சிப் பக்கம், முண்டா இனம், கோஸ்னர் சபை. ஜெர்மனியிலிருந்து கோஸ்னர் மிஷனரிகள் ராஞ்சிக்கு வந்தது 1845-இல். எங்கள் சபைக் கட்டடத்துக்கு வயது 60. அவள் எங்களைவிட மூத்த கிறிஸ்தவக் குடும்பம்! நாங்கள் அவளுக்குத் துண்டுப் பிரதி கொடுத்துக்கொண்டிருந்தோம், அதுவும் தமிழில்.

இப்போது மாதம் ஒருமுறை அவர்கள் முன்னால் வந்து அவர்கள் மொழியில் ஒரு பாட்டுப் பாடுகிறார்கள். வேறொன்றும் பெரிதாகச் செய்யவில்லை. கேட் திறந்திருக்கிறது.

---

பாலையில்_ஒருத்தி

வளைகுடாவிலிருந்து. எங்கள் தமிழ் ஐக்கியத்தில் எஞ்சினியர், நர்ஸ் எல்லோரும் உண்டு. கத்தாமாவாக (வீட்டு வேலைக்கு) வந்த அக்காக்கள் கிடையாது, அவர்களுக்கு லீவே கிடையாது. ஒரு அக்கா குப்பை கொட்டக் கீழே வரும் பத்து நிமிஷத்தில்தான் என்னோடு பேசுவார். எனக்குத் தெரிந்த ஒரே விசாரிப்பு, அந்த நேரம் பார்த்து நானும் குப்பைப் பையோடு இறங்குவதுதான். சில நாள் காலிப் பை.

---

பெயர்_வேண்டாம்

நான் ஐயரம்மா, போதகரின் மனைவி. 19 வருஷத்தில் 6 சேகரம் (போதகர் பொறுப்பில் உள்ள சபைகள்) மாறியிருக்கிறோம். சபையில் யார் வரவில்லை என்று எனக்குத் தெரியும், அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். என்னை யாராவது "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டுப் பதிலுக்காக நின்றது கடைசியாக எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். குறை சொல்லவில்லை. இழையில் சொல்லலாம் என்று தோன்றியது.

---

முத்துநகர்_மேரி

அம்மா, எப்படி இருக்கிறீர்கள்? நிற்கிறேன். தனி மடலில் வாருங்கள்.

---

தாமிரபரணிக்கரை

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

கைப்பிடி போட்டாயிற்று. சாய்தளம் கமிட்டியில் இழுபறி. கார் நிறுத்துமிடத்தை அளந்தேன், 60 அடி இருக்கிறது. இரண்டு கார் குறையும், அந்த இரண்டு காரும் யாருடையது என்பதில்தான் இழுபறி.

அந்த அம்மாவிடம் மறுபடி போனேன். சக்கரநாற்காலி எழுதியதை மனதில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டேன். உதவித்தொகை, மருந்து என்று ஏதாவது சொல்வார் என்று தயாராகப் போயிருந்தேன். "எனக்கு ஒண்ணும் வேண்டாம் தம்பி. அந்தக் கடைசி லைன் வீட்டு டீச்சரம்மாவை யாராச்சும் பாத்தீங்களா?" என்றார்.

எந்த டீச்சரம்மா? பால்வாடியில் வேலை பார்த்தவர். மகனோடு மதுரைக்குப் போய்விட்டார் என்று நம் பதிவேட்டில் 'இடம் மாறியவர்' என்று எழுதியிருக்கிறோம். போனது மகன் மட்டும். அப்புறம் இன்னொரு பெயர் சொன்னார். இன்னொன்று. பீடித் தட்டைப் புரட்டிப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன், 11 பெயர். குடிக்கிறவர் என்று நாமே கழித்துக்கட்டிய ஒருவர், மகள் வேற்று மதத்தில் கல்யாணம் செய்ததால் வெட்கப்பட்டு நின்றுபோன தம்பதி, ராத்திரி ஷிப்டு செக்யூரிட்டி ஒருவர். பின்பக்கம் உட்காருபவருக்கு முன்னால் இருக்கிற எல்லா முதுகும் தெரியும்போல. முன்வரிசையில் இருக்கும் எனக்குத் தெரிவது ஐயரும் பூச்சாடியும்தான்.

அந்தத் தாத்தாவின் ஏழு பேர் கணக்கு நினைவுக்கு வந்தது. ஐயரிடம் பேசினேன். விசாரிப்புக் குழு என்று ஒன்று, நாலு பேர். அந்த அம்மா, கோயில்குட்டியார், கடைசித் தெருவிலிருந்து ஒரு வாலிபன், கணக்கு எழுத நான். கோயில்குட்டியாரைக் குழுவில் போடுவதா என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். ஐயர் பதில் சொல்லாமல் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்.

போன சனிக்கிழமை டீச்சரம்மா வீட்டுக்குப் போனோம். இரண்டு அம்மாக்களும் ஒரு மணி நேரம் யாரோ ஒருவருடைய கல்யாணத்தில் வைத்த சாம்பாரைப் பற்றிப் பேசினார்கள். ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்க எனக்கு இடமே கிடைக்கவில்லை. கிளம்பும்போது டீச்சரம்மாதான் எங்களுக்காக ஜெபித்தார்.

போக வர ஆட்டோ 120 ரூபாய். சபைக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் 'பலவகைச் செலவு' என்று போட்டிருக்கிறேன்.

---

உபதேசியார்_தாத்தா

அதை அடித்துவிட்டு 'விசாரணை' என்று எழுது தம்பி. ஆடிட்டர் கேட்டால் என்னிடம் அனுப்பு.